தலைக்கு மேல பத்து உருண்டை

கோயமுத்தூருக்குக் கெழக்க, நூல் மில்லுக்காரங்க கட்டி விட்டுட்டுப் போன காலனியில, ஆறாவது லைன்ல, ஒரு செவ்வாக்கெழம காலைல ஆறு மணித் தண்ணிக்குக் கொடத்தோட வந்து நின்ன அத்தன பேரு தலைக்கு மேலயும், ஒரு சாண் ஒசரத்துல, நெல்லிக்காய் அளவுல, பழுப்புக் கலர்ல பத்துப் பத்துக் களி உருண்டை வரிசையா நின்னுச்சு. சிலது முழுசா இருந்துச்சு, சிலது உள்ள ஒண்ணுமில்லாம வெறும் வட்டக் கோடா இருந்துச்சு, அன்னைக்கும் தண்ணி வழக்கம்போல இருபது நிமிசந்தான் வரும்ங்கறதால மொதல்ல எல்லாரும் தண்ணி புடிச்சாங்க.

புடிச்சு முடிச்ச பின்னாடிதான் ஏழாம் நெம்பர் ஊட்டு வேலாத்தா, கொடத்த இடுப்புல ஏத்திக்கிட்டே, எதுக்க நின்ன பூபதியப் பாத்து, ஏங் கண்ணு உனக்கு ஆறுதான் நெறஞ்சிருக்குது, நேத்து சரியா சாப்பிடலியான்னு கேட்டா. பூபதி எல்லாரு தலைக்கும் மேல ஒரு சுத்து பாத்துட்டு, இது எங்க ஆபீஸ் விளையாட்டுல வர்றதுங்கக்கா, பசிய அளக்கறதுக்கு நாங்க வெச்சதுன்னு சொன்னான்.

"பசிய ஆபீஸ்லயா கண்ணு செய்யறாங்க"ன்னு கேட்டுட்டு வேலாத்தா பதிலுக்குக் காத்திருக்காம ஊட்டுக்குப் போயிட்டா. அடுப்புல பால் வெச்சிருந்தா.

அவ கேட்டதும் தப்பில்ல. பூபதி அந்த வேலையத்தான் பாத்தான். அவிநாசி ரோட்டுல ஒரு கட்டடத்தோட நாலாவது மாடியில ஆறு பேரு சேந்து 'வறக்காடு'ன்னு ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செஞ்சுட்டிருந்தாங்க. விளையாடறவன் ஆளில்லாத ஒரு கரையில கண்ணு முழிப்பான், கையில ஒண்ணும் இருக்காது, காட்டுக்குள்ள போயி கெழங்கு தோண்டி, எலந்தப்பழம் பொறுக்கி, மீன் புடிச்சு உசுரோட இருக்கணும், அவ்வளவுதான் விளையாட்டு. அந்தக் காட்டுல எந்தச் செடியில எத்தன பழம், மழை வந்தா எத்தன, வராட்டி எத்தன, ஒரு கெழங்கு தின்னா தலைக்கு மேல எத்தன உருண்டை ஏறும், ஓடுனா எத்தன எறங்கும்னு முடிவு பண்றது பூபதி பொறுப்பு. சோறு அதிகமாப் போனா விளையாடறவனுக்குத் தூக்கம் வருது, கொறஞ்சு போனா மூடி வெச்சுட்டுப் போயிடறான், ரெண்டுக்கும் நடுவுல ஒரு நூல் மேல அவன நிறுத்தி வெக்கணும். பூபதி நிறுத்தி வெச்சிருந்தான். காட்டுல ஒரு பழம் வீணாகாது, ஒரு பழம் பத்தாமப் போகாது. அப்படியும் மூணாவது நாள் எல்லாரும் விளையாட்ட விட்டுட்டுப் போனாங்க. ஏன்னு கேட்டா, கணக்குப் பரீட்சை எழுதற மாதிரி இருக்குதுன்னு சொல்றாங்க பூபதின்னு மேனேஜர் ஜெரால்டு சார் வருத்தமாச் சொன்னார். பூபதிக்கு அது பாராட்டாத்தான் கேட்டுச்சு.

காலனிக்கு வருவோம். உருண்டைங்க ஏன் வந்துச்சுன்னு யோசிக்க யாருக்கும் நேரமில்ல, வந்தத வெச்சுக்கிட்டு எப்படி இருக்கறதுங்கறதுதான் பெரிய வேலையா இருந்துச்சு. கொடை புடிச்சா கொடைக்கு மேல போயி நின்னுச்சு. துண்டு போட்டு மூடுனா துண்டுக்கு மேல வந்துச்சு. காலனி ஆர்ச்சத் தாண்டி வெளிய போனா மறைஞ்சுடும், வெளியாளு உள்ள வந்தா அவனுக்கும் வந்துடும். நாய்களுக்கு மட்டும் வரல, அதுங்க பசிச்சா பசிக்குதுன்னு தெரியற மாதிரியே நடந்துக்கறதால தேவைப்படலன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. சாக்கடைப் பிரச்சினையப் பாக்க வந்த கவுன்சிலர், பைக் கண்ணாடியில தன் தலைக்கு மேல பத்தும் பளபளன்னு நெறஞ்சு நிக்கறதப் பாத்துட்டு, சுத்தி நின்னவங்க தலையையும் ஒரு தடவ பாத்துட்டு, அடுத்த வாரம் வர்றேன்னு சொல்லிட்டுப் போனவர்தான். சனிக்கெழம தவறாம விரதம் இருக்கற சரசுக்கு, மொத சனிக்கெழம சாயங்காலம் விளக்கு வெக்கறப்ப ஒம்போதரை உருண்டை இருந்துச்சு. யாரும் ஒண்ணும் கேக்கல, ஆனா அடுத்த வாரத்துல இருந்து விரதம் போதும்னு சாமி கனவுல வந்து சொல்லிட்டார்னு சரசுவே சொன்னா, அதுல சாமிக்கும் ஒரு நிம்மதி இருந்திருக்கும்.

ஒரே கஷ்டம், 'சாப்டீங்களா'ங்கற கேள்விதான். அந்தப் பக்கத்துல யாரு யாரப் பாத்தாலும் மொத கேள்வி அது, எந்த வயித்தோட இருந்தாலும் பதிலு 'ஆச்சுங்க' மட்டுந்தான். இல்லைன்னு சொன்னா எதுக்க நிக்கறவங்களுக்குச் சங்கடம், அவங்க ஊட்டுல என்ன இருக்குதோ இல்லையோ. காலங்காலமா இப்படிப் பொய்ய மரியாதையா மாத்திக் குடுத்து வாங்கிட்டிருந்தவங்களுக்கு, ரெண்டு உருண்டையோட நின்னுக்கிட்டு 'இப்பத்தானுங்க ஆச்சு'ன்னு சொல்றது கூச்சமா இருந்துச்சு, அதக் கேக்கறவங்களுக்கு அதவிடக் கூச்சமா இருந்துச்சு. அதனால மொத வாரம் எல்லாரும் எல்லாரு தலையையும் பாத்தாங்க. ரெண்டாவது வாரத்துல இருந்து யாரும் யாரு தலையையும் பாக்கல. பேசறப்ப புருவத்துக்கு மேல கண்ணத் தூக்காம பேசறதுன்னு ஒரு பழக்கம் வந்துச்சு. யாரும் கூட்டம் போட்டு முடிவு பண்ணல, தானா வந்துச்சு. உருண்டையப் பாக்கலாம், ஆனா முதுகுப் பக்கமா, அவங்க திரும்பி நடக்கறப்ப. பாத்துட்டா, கொஞ்ச நேரங்கழிச்சு, கொழம்பு மிஞ்சிப் போச்சுங்க, வெச்சா கெட்டுரும்னு ஒரு கிண்ணத்தோட போகலாம். அந்த மாசம் ஆறாம் லைன்ல மிஞ்சிப் போன கொழம்புக்குக் கணக்கே இல்ல.

செவப்புப் பையில பிரியாணிப் பொட்டலம் கொண்டாந்து குடுக்கற ஜம்புலிங்கம்னு ஒருத்தர், அம்பது வயசு, முன்ன விசைத்தறி ஓட்டுனவர், ஒரு நாள் மத்தியானம் ஆர்ச்சுக்குள்ள வண்டிய ஓட்டிட்டு வந்தார். அவர் தலைக்கு மேல ஒண்ணே காலு இருந்துச்சு. சோத்தத் தூக்கிட்டு வர்ற மனுசனுக்கே ஒண்ணே காலான்னு லைனு முழுக்க வாசல்ல வந்து நின்னுட்டாங்க. பொட்டலம் கேட்ட ஊட்டுக்காரங்களால அதக் கையில வாங்க முடியல. ஜம்புலிங்கம் எவ்வளவோ ஆச்சுங்க, ஆச்சுங்கன்னு சொன்னார். அன்னைக்கு அவர உக்கார வெச்சு மூணு ஊட்டுச் சோறு போட்டாங்க, எட்டேமுக்காலோட வண்டி எடுத்துட்டுப் போனார், போறப்ப ஆர்ச்சுக்கிட்ட நின்னு திரும்பி ஒரு கும்பிடு போட்டார். பின்னாடி காலனிக்கு எந்த ஆர்டர் வந்தாலும் அவரேதான் எடுத்துட்டு வந்தார்.

இப்படி மூணு வாரத்துல, ஆறாம் லைன்ல அஞ்சு உருண்டைக்குக் கீழ யாரும் படுக்கப் போறதில்லங்கற நெலம வந்துச்சு. யாரு செஞ்சதுன்னு கேட்டா யாருமில்ல.

ஒரு தலை மட்டும் எறங்கிட்டே வந்துச்சு. அது பூபதியோட அண்ணன் மருதாசலத்தோட தலை.

மருதாசலம் பூபதியவிடப் பதினாலு வயசு மூத்தவன். எதுத்த ஊடு, நடுவுல எட்டடி ரோடு. முன் ரூம்புல ரெண்டு கிரைண்டரப் போட்டு, காலனிக்கே இட்லி மாவு அரைச்சுக் குடுக்கறவன். பூபதியும் அவனும் பேசி நாலு வருசமாச்சு.

மருதாசலத்தோட மக பெரியவளான சீர் அன்னைக்கு நடந்தது அது. சாப்பாட்டுப் பொறுப்ப மருதாசலம் நம்பித் தம்பிகிட்டக் குடுத்தான். பூபதி காட்டுக்குப் போடற மாதிரியே இதுக்கும் போட்டான்: எரநூத்தி எம்பது பேரு, அதுல கொழந்தைங்க இத்தன, சக்கரை வியாதிக்காரங்க இத்தன, ஆளுக்கு அரிசி இத்தன கிராம். சமையல்காரர் அம்பது பேருக்குச் சேத்துப் போட்டுக்கலாமுங்கன்னு சொன்னதுக்கு, எதுக்குங்க வீணாக்கணும்னு கேட்டவன் அவன். எரநூத்தி எம்பது பேருக்கு அது பருக்கை பிசகாமச் சரியா வந்துச்சு. தாராபுரத்துல இருந்து தாய்மாமன் சீர்த்தட்டோட வேன்ல முப்பத்தோரு பேரக் கூட்டிட்டு வந்து, எல்லா மொறையும் முடிச்சு, கடேசிப் பந்தியில உக்காந்தப்ப எலையில அப்பளம் இருந்துச்சு, ஊறுகாய் இருந்துச்சு, ரசம் கூட இருந்துச்சு, சோறு இல்ல. தாய்மாமனுக்குச் சோறில்லாத சீர்னு ஒண்ண அந்த ஊருப் பக்கம் அதுக்கு முன்னாடி யாரும் பாத்ததில்ல. அதக்கூடச் சமாளிச்சிருக்கலாம், பூபதி அந்தத் தாய்மாமன்கிட்டப் போயி, கணக்குப்படி இவ்வளவுதானுங்க வரும்னு சொன்னான். மாமன் எலைய மடிச்சுட்டு எந்திரிச்சார். மருதாசலம் தம்பியத் தனியாக் கூப்புடல, எல்லாரு முன்னாடியுந்தான் சொன்னான்: கணக்குப்படி மட்டும் நீ என் தம்பி, இனி உன் ஊட்டுல நான் கை நனைக்க மாட்டேன். கை நனைக்கறதுன்னா சாப்பிடறது, அதுல ஒரு வாய் காப்பித்தண்ணியும் அடக்கம். பூபதிக்கு அன்னைக்கும் சரி, அதுக்கப்புறமும் சரி, கணக்கு சரிதான், வேன்தான் தப்புன்னே ஒரு எண்ணம்.

இப்ப மருதாசலம் பொண்டாட்டி கோகிலா, அவங்கப்பா பாத்ரூம்புல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்ப ஒடைச்சுக்கிட்டார்னு தாராபுரம் போயி ஒரு மாசமாச்சு. மக சேலத்துல ஹாஸ்டல்ல தங்கி நர்சிங் படிக்கறா. மருதாசலம் தனியா இருந்தான். மொத வாரம் எட்டு இருந்துச்சு, அப்புறம் ஆறு, அப்புறம் நாலு, இப்ப ரெண்டு. லைன்ல இருக்கறவங்க கிண்ணத்தோட போனாங்க. அவன் மரியாதையா எந்திரிச்சு நின்னு, இப்பத்தானுங்க ஆச்சு, நல்லா ஆச்சுன்னு சொன்னான். அவன் தலையப் பாத்து, என்னங்க ஆச்சு, ரெண்டுதான இருக்குதுன்னு கேக்க எந்த வாயும் வரல, கேக்கக் கூடாதுன்னு பழகிட்டாங்க. நல்ல பழக்கம் நாலு பேரக் காப்பாத்தும், அஞ்சாவது ஆள அதே பழக்கமே தனியா விட்டுடும். ஏதோ வேண்டுதல்னு சிலரு, வயித்துல ஏதோன்னு சிலரு. மருதாசலமும் பயந்துபோயி டாக்டர்கிட்டப் போனான். ஆர்ச்சுக்கு வெளிய இருக்கற டாக்டர், உருண்டையும் தெரியாம, நோயும் தெரியாம, சத்து மாத்தர எழுதிக் குடுத்தார்.

அவன் பொய் சொல்லலைங்கறது பூபதிக்கு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. மூணு வேளையும் மருதாசலம் ஊட்டுல தோசக் கல்லு சத்தம் கேட்டுட்டுத்தான் இருந்துச்சு. சமைக்கத் தெரியாத மனுசன், ஊடு நெறைய மாவு, டப்பா நெறையப் பொடி. காலைல தோசை பொடி, மத்தியானம் தோசை பொடி, ராத்திரி தோசை பொடி. வறக்காட்டுக்கு பூபதி எழுதுன விதியில பதினேழாவது இது: ஒரே சாப்பாட்டத் தொடந்து தின்னா, நாலாவது வேளையில இருந்து பாதிதான் ஏறும், அப்புறம் அதுல பாதி, அப்புறம் அதுலயும் பாதி. விளையாடறவன் ஒரே எலந்தச் செடிக்கடியில உக்காந்துக்கக் கூடாதுன்னு அவனே ரசிச்சு எழுதுனது. இருபத்தி ரெண்டாவது விதியும் அவனுக்குத் தெரியும், அது காலனியில இன்னும் யாருக்கும் தெரியாது, ஏன்னா அதுவரைக்கும் யாரும் போகல: உருண்டை பத்தும் காலியானா தெரை கருப்பாகும், ஆட்டம் முடிஞ்சுது. விளையாட்டுல மறுபடியும் அதே கரையில கண்ணு முழிக்கலாம். ஆறாம் லைன்ல கரைன்னு ஒண்ணு எங்க இருக்குதுன்னு அவனுக்குத் தெரியல.

மொதல்ல வேலாத்தாகிட்டச் சொல்லி அனுப்பிச்சான், ஒரே சாப்பாடு சாப்பிட்டா ஏறாதாம், மாத்திச் சாப்பிடோணுமாம்னு. யாரு சொன்னதுன்னு மருதாசலம் கேட்டான். வேலாத்தாளுக்குப் பொய் வராது, பூபதி பேரச் சொல்லிட்டா. அவன் கணக்க அவனையே வெச்சுக்கச் சொல்லுங்கக்கான்னு சொல்லிட்டு மருதாசலம் மாவு வழிக்கப் போயிட்டான். அடுத்த நாளு பூபதி பொண்டாட்டி யமுனா வெச்ச கத்திரிக்காய்ச் சாம்பார வேலாத்தா பாத்தரத்துல ஊத்தி, வேலாத்தா வெச்சதா அனுப்புனாங்க. மருதாசலம் மூடியத் தெறந்து ஒரு மூச்சு இழுத்தான். யமுனா பெருங்காயம் கொஞ்சம் தாராளமாப் போடுவா. மூடிய அப்படியே மூடி, நல்லா இருக்குதுங்கக்கா, எடுத்துட்டுப் போங்கன்னான். ஆபீஸுக்குப் போயி பூபதி பதினேழாவது விதியவே அழிச்சுட்டு, யமுனாவுக்கு போன் போட்டு, அண்ணன் தலைய எட்டிப் பாருன்னான். ஒண்ணரைதானுங்க இருக்குதுன்னா அவ. இங்க அழிச்சது காலனிக்கு எட்டலன்னு விதிய மறுபடியும் எழுதி வெச்சான்.

அன்னைக்குப் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துக்கிட்டு, அண்ணன் சொன்னத ஒரு விதியப் படிக்கற மாதிரி வார்த்தை வார்த்தையாப் படிச்சான். இனி. உன் ஊட்டுல. நான். கை நனைக்க மாட்டேன். விதி எழுதறவனுக்குத்தான் அதுல சந்து எங்க இருக்குதுன்னு தெரியும். வியாழக்கெழம மத்தியானம் டிபன் பாக்ஸக் காலி பண்ணிட்டு, அதோட சாப்பிடறத நிறுத்துனான்.

யமுனாகிட்ட விசயத்தச் சொன்னான். அவ, ரெண்டு நாள்னா ரெண்டு நாளு, மூணாவது நாளு நானே வாயில ஊட்டிருவேன்னு மட்டும் சொன்னா. வெள்ளிக்கெழம ஆபீஸ்ல, பசிங்கறது தான் போட்டு வெச்ச கோடு மாதிரி சமமா எறங்கற சாமான் இல்லைன்னு பூபதிக்குத் தெரிஞ்சுச்சு: பதினோரு மணிக்கு அது கத்துது, ரெண்டு மணிக்குத் தானா அடங்குது, நாலு மணிக்குப் பக்கத்து டேபிள்ல ஒருத்தன் முறுக்கக் கடிச்ச சத்தத்துல எந்திரிச்சு உக்காருது, அப்புறம் யாரு மேலன்னு தெரியாத ஒரு கோவமா மாறுது. எட்டு வருசமா ஆயிரக்கணக்கான பேருக்குப் பசிய அளந்து ஊத்துனவன், அத ஒரு தாள்ல எழுதி வெச்சுக்கிட்டான். லைன்ல அவன் தலை ஆறாகி, நாலாகி, மூணாச்சு. வாசல்ல கிண்ணங்க வந்துச்சு, மிஞ்சிப் போச்சுங்க, மிஞ்சிப் போச்சுங்கன்னு. அவனும் ஆச்சுங்க, ஆச்சுங்கன்னான். எல்லாத்தையும் யமுனா வாங்கி வெச்சா, ஒண்ணு ரெண்ட அவளே தின்னா.

சனிக்கெழம மத்தியானம் பன்னெண்டரைக்கு, ஒரு உருண்டையோட, பூபதி எட்டடி ரோட்டத் தாண்டி அண்ணன் வாசல்ல போயி நின்னான். மருதாசலம் கிரைண்டருக்கிட்ட குனிஞ்சிருந்தான். அவன் தலைக்கு மேல ஒண்ணுல முக்கால் இருந்துச்சு.

"அண்ணா, பசிக்குது."

அந்த லைன்ல ஒருத்தரு இன்னொருத்தரு வாசல்ல நின்னு அந்த வார்த்தையச் சொன்னதா யாருக்கும் நெனவில்ல. ஏழாம் நெம்பர் வாசல்ல கீரை ஆஞ்சுட்டிருந்த வேலாத்தா கை அப்படியே நின்னுச்சு. மருதாசலம் கிரைண்டர நிறுத்துனான். நிமுந்து, தம்பி கண்ணப் பாத்து, அப்புறம், மூணு வாரமா அந்தக் காலனியில யாரும் செய்யாத வேலையா, புருவத்துக்கு மேல கண்ணத் தூக்கி நேரா அந்த ஒத்த உருண்டையப் பாத்தான்.

"எத்தன நாளா?"

"வியாழக்கெழம மத்தியானத்துல இருந்து."

"யமுனா ஊட்டுல இல்லியா?"

"இருக்கறாளுங்கண்ணா. சமைச்சும் வெச்சிருக்கறா."

"பின்ன இங்க எதுக்கு வந்த?"

"நீங்க என் ஊட்டுல கை நனைக்க மாட்டேன்னுதான் சொன்னீங்க. உங்க ஊட்டுல நான் நனைக்கக் கூடாதுன்னு சொல்லலீங்களே."

மருதாசலம் மாவுக் கையத் துண்டுல தொடச்சான்.

"நாலு வருசமா இதத்தான் ரோசிச்சியா?"

"இல்லீங்கண்ணா. நாலு நாளா."

"உக்காரு"ன்னான்.

அடுப்பப் பத்த வெச்சு ஒரு கரண்டி மாவ எடுத்தவன், அந்தரத்துலயே நிறுத்துனான். நாலு வருசங்கழிச்சு வாசல் மிதிச்சு, பசிக்குதுன்னு வந்தவனுக்குத் தோசையும் பொடியுமான்னு அவனுக்கே தோணியிருக்கும். மாவத் திருப்பி வாளியில ஊத்திட்டு, சட்டைய மாட்டிக்கிட்டு, லைன் முக்குல இருக்கற கடைக்குப் போயி ஒரு பை நெறையச் சாமானோட வந்தான். அடுப்படிக்குள்ள போயி அரை மணி நேரம் பாத்தரத்த உருட்டிட்டு, வெளிய வந்து, யாரையும் குறிப்பாப் பாக்காம, "அரிசியும் பருப்பும் எப்படிங்க செய்யறது"ன்னு ரோட்டப் பாத்துக் கேட்டான்.

அதுக்கப்புறம் லைனு மொத்தமும் சமைச்சுச்சு. அரிசியும் பருப்பும்னா ஒரே குண்டாவுல எல்லாத்தையும் போட்டு வேக வெக்கற சமாச்சாரந்தான், ஆனா வாசலுக்கு வாசல் ஒரு கட்சி. சின்ன வெங்காயத்த முழுசாப் போடுங்கன்னு வேலாத்தா, அரிஞ்சு போடுங்கன்னு சரசு. பூண்டு தோலோட, தோலில்லாம. வரமொளகா நாலு, ஆறு. பருப்ப வறுத்து, வறுக்காம. ஒவ்வொரு சத்தத்துக்கும் மருதாசலம் உள்ள இருந்து சரிங்க, சரிங்கன்னான். யமுனா அவ வாசல்ல நின்னு எட்டடி அக்கட்டயிருந்து, மாமா, தக்காளி வதங்குன பின்னாடி தண்ணி ஊத்துங்கன்னு நாலு வருசத்துல மொத தடவையா ஒரு வார்த்தை சொன்னா. அதுக்கும் சரி அம்மிணின்னு பதில் வந்துச்சு. அரிசி எத்தன போட்டீங்கன்னு வேலாத்தா கேட்டா. ஒண்ணரைக் கிலோன்னான். ரெண்டு பேருக்கா சாமின்னா அவ. அவன் குண்டாவ மூடி வெச்சான்.

மேல நெய் ஊத்தி, சுட்ட அப்பளமும் தயிரும் வெச்சு, ரெண்டு பேரும் எதுத்தெதுக்க உக்காந்தாங்க. அடி கொஞ்சம் புடிச்சிருந்துச்சு, உப்பு ஒரு கல்லு கூட. மொதல்ல தம்பி எலையில வெச்சுட்டுத்தான் அண்ணன் தன் எலையில வெச்சான். ரெண்டு பேரும் சாப்பிட ஆரம்பிச்சாங்க. பூபதி அண்ணன் தலைய நேராப் பாக்கல, பக்கத்துல இருந்த எவர்சில்வர் குண்டாவோட வயித்துல தெரிஞ்சதப் பாத்தான்: முக்கால் ஒண்ணாச்சு, ஒண்ணு மூணாச்சு, மூணு அஞ்சாச்சு, அந்த வளைஞ்ச கண்ணாடியில உருண்டைங்க நீட்டு நீட்டாத் தெரிஞ்சுச்சு. தண்ணியக் குடிச்சான்.

"அன்னைக்குச் சோறு பத்தாமப் போனது என் தப்புங்கண்ணா"ன்னான். "அதவிட, மாமன்கிட்ட நான் அப்படிச் சொல்லிருக்கக் கூடாது. வேன் மேல தப்பில்ல."

"சோத்தத் தின்னு"ன்னான் மருதாசலம். அப்பளத்த நொறுக்கிக்கிட்டே, "அம்பது பேருக்குச் சேத்துப் போடச் சொன்னாரில்ல அந்த சமையல்காரர். அவரு நாலாவதுகூடப் படிக்கல"ன்னான்.

தம்பிக்குப் பத்தும் நெறஞ்சுச்சு. பத்துக்கு மேல பதினொண்ணாவது உருண்டை எந்த விதியிலயும் கெடையாது. அண்ணன் மறுபடியும் ஒரு கரண்டி அள்ளுனான்.

"போதுங்கண்ணா."

"நீ போதுங்கணும், நான் வெக்கணும். அதுதான்டா கணக்கு."

வெச்சான். மறுபடியும் போதுங்கண்ணான்னான் பூபதி, மறுபடியும் வெச்சான். அப்படியும் குண்டாவுல முக்காவாசி இருந்துச்சு. மருதாசலம் வாசலுக்கு வந்து, மிஞ்சிப் போச்சுங்கன்னு ஒரே ஒரு தடவ சொன்னான். வேலாத்தா ஒரு போசிப் பாத்தரத்தோட வந்தா, சரசு வந்தா, யமுனா பின்னாலயே வந்தா, பொட்டலம் குடுக்க வந்த ஜம்புலிங்கமும் வண்டிய நிறுத்திட்டு வந்து, அடி புடிச்சதுதானுங்க ருசின்னு சொரண்டிச் சொரண்டி வாங்கிக்கிட்டார். சாப்டீங்களான்னு யாரும் யாரையும் கேக்கல. அன்னைக்கு ஆறாம் லைன்ல எல்லாரும் ஒரே குண்டாச் சோத்தத் தின்னாங்க.

உருண்டைங்க கார்த்திகை மாசம் ஒரு நாள், வந்த மாதிரியே, தண்ணி புடிக்கற நேரத்துல போச்சு, அன்னைக்கும் எல்லாரும் மொதல்ல தண்ணிதான் புடிச்சாங்க. அதுக்கு முன்னாடியே பூபதி வறக்காட்டுல இருபத்தி மூணாவது விதியா ஒண்ணு சேத்திருந்தான்: பசியோட ஒருத்தன் இன்னொருத்தன் அடுப்புக்கிட்டப் போயி நின்னு பசிக்குதுன்னு கேட்டா, அந்த அடுப்புல வேகற ஒரு கெழங்கு ரெண்டாகும், கேட்டாத்தான் ஆகும். எந்த அடிப்படையில பூபதி ரெண்டு மடங்குன்னு ஜெரால்டு சார் கேட்டார். ரெண்டு பேருக்கு ஒண்ணரைக் கிலோன்னு ஒரு கணக்கு இருக்குதுங்க சார்னான். ஜெரால்டு சார் அதச் சரிபாக்க மெனக்கெடல, ஏன்னா அந்த மாசம் மூணாவது நாளத் தாண்டியும் ஆளுங்க காட்டுக்குள்ளயே இருந்தாங்க. கெழங்குக்குக் கூட அலையாம, அடுத்தவன் அடுப்புப் பொகை எங்க தெரியுதுன்னு தேடிட்டுப் போனாங்க.

இதெல்லாம் பின்னாடி. அந்த சனிக்கெழம, எலைய எடுத்துப் போட்டுட்டு வந்த பூபதிக்கு மருதாசலம் வாசல்ல நின்னு சொம்புல தண்ணி ஊத்துனான். பூபதி ரெண்டு கையையும் நீட்டிக் கழுவுனான். கை சுத்தமான பின்னாடியும் தண்ணி வந்துட்டே இருந்துச்சு, அவனும் கைய இழுத்துக்கல. அண்ணந்தம்பிக்குள்ள நன்றின்னு சொல்லிக்கற வழக்கம் அந்தப் பக்கம் இல்ல, அதுக்குன்னு ஒரு வார்த்தையும் யாரும் செஞ்சு வெக்கல. சொம்பு காலியாச்சு. மருதாசலம் உள்ள திரும்பப் போனவன், வாசல் நெலைப்படிகிட்ட நின்னு, அடுப்படியப் பாத்துக்கிட்டே கேட்டான்.

"நாளைக்கும் உனக்குப் பசிக்குமில்ல?"

"பசிக்குமுங்கண்ணா"ன்னான் பூபதி.